சிறு மரப் பந்தயக் காரின் ஆணியும் சக்கரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றில் நெடுங்காலம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தின் பின்கட்டில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு சாண் நீளம்கூட இல்லாத மரக் கார் செய்யக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஆணியையும் சக்கரத்தையும் பற்றியே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது? இதன் அளவுகள் என்ன?

1953ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில், டான் மர்ஃபி என்னும் சாரணர் தலைவர் இதைத் தொடங்கினார். சிறுவர்கள் தாமே ஏறி அமர்ந்து ஓட்டும் பெரிய மரக்கார்ப் பந்தயத்தில் சேர அவருடைய மகனுக்கு வயது போதவில்லை. எனவே, தந்தையும் மகனும் சேர்ந்து செய்யக்கூடிய சிறிய கார் ஒன்றை அவர் யோசித்தார். ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாக நான்கு ஆணிகள் ஆகியவையே மூலப்பொருள்கள். காரின் நீளம் 7 அங்குலத்தையும் அகலம் இரண்டே முக்கால் அங்குலத்தையும் எடை 5 அவுன்ஸையும், அதாவது 141.7 கிராமையும், தாண்டக்கூடாது. மோட்டார் கிடையாது. சரிவின் உச்சியிலிருந்து விட்டுவிட்டால், தன் எடையாலேயே இறங்கி ஓட வேண்டும்.

நாங்களும் அதே அளவுகளைத்தான் பின்பற்றுகிறோம். எங்கள் தடம் 10 மீட்டர் நீளமுடையது. அதன் தொடக்கம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கேள்வி: காரின் வடிவம்தானே வேகத்தைத் தீர்மானிக்கிறது? ஆணிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

1.2 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் பொருள் எந்த இழப்பும் இல்லாமல் அடையக்கூடிய வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர், மணிக்கு 17 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அதற்கு மேல் ஒரு காரும் போகாது. ஆகவே, காருக்கு நாம் வேகத்தை ஊட்டுகிறோம் என்பது வெறும் பேச்சு. உயரம் கொடுத்த வேகம் எங்கெங்கே ஒழுகுகிறதோ அந்த ஓட்டைகளை அடைக்கிறோம், அவ்வளவே. காற்று ஓர் ஓட்டைதான், மறுக்கவில்லை. செதுக்கப்படாத முழுக்கட்டை காற்றில் கணிசமாக இழக்கும். ஆனால், கட்டையை மெல்லிய ஆப்பு வடிவத்துக்குச் சீவியபின் அதற்கு மேல் செய்யும் வளைவும் வாலும் கண்ணுக்கு விருந்தாகுமே தவிர, கடிகாரத்தில் தெரியாது.

ஆணியில் நடக்கும் இழப்பைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆணியின் விட்டம் ஏறத்தாழ 2.2 மி.மீ.; சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 30 மி.மீ. உராய்வு நடப்பது ஆணியின் மேற்பரப்பில் என்பதால், தரையில் அதன் விளைவு பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மாட்டுவண்டியில் பெரிய சக்கரத்துக்கு மெல்லிய இரும்பச்சு போட்டதன் காரணமும் இதுவே. ஆணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலான உராய்வுக் கெழு, அதாவது உரசலின் அளவைச் சொல்லும் எண், 0.1 என்று கொண்டால், 10 மீட்டர் ஓட்டத்தில் இழக்கும் ஆற்றல் 7 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சமம். கெழு 0.2 ஆனால் இழப்பு 14 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். 120 சென்டிமீட்டரில் இந்த 7 சென்டிமீட்டர் வேறுபாடு, முடிவுக்கோட்டில் ஏறத்தாழ ஒரு கார் நீளமாக வெளிப்படும் என்பது என் கணக்கு. எங்கள் போட்டிகளில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளி பல முறை ஒரு விரற்கடைகூட இருந்ததில்லை.

கேள்வி: கட்டை, சக்கரங்களோடு பெட்டியில் வரும் ஆணியை அப்படியே பயன்படுத்தினால் என்ன?

தாராளமாகப் பயன்படுத்தலாம், கார் ஓடும். ஆனால், அந்த ஆணியை வெயிலில் பிடித்து ஒரு பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால், தலைக்குச் சற்றுக் கீழே ஆணி செய்யும் இயந்திரம் அதைப் பிடித்த இடத்தில் சிறு வரிகளும் தலையின் அடிப்புறத்தில் பிசிறுகளும் இருப்பது தெரியும். சக்கரத்தின் குடம், அதாவது ஆணி நுழையும் துளையுள்ள நடுப்பகுதி, உரசும் இடம் சரியாக அதுவே. ஓர் அரத்தை வைத்துப் பிளாஸ்டிக்கைத் தேய்ப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஆணியின் கூர்முனையை டிரில் மிஷினின் வாயில் மாட்டி, தலை வெளியே நீண்டிருக்கும்படி வைத்து, மெதுவாகச் சுழலவிடுங்கள். முதலில் நுண்பல் அரத்தால் பிசிறையும் வரிகளையும் எடுக்க வேண்டும். அதோடு, தலையின் அடிப்புறத்தைத் தட்டையாக விடாமல், ஆணித்தண்டை நோக்கிச் சற்றே கூம்பாகச் சரியும்படி அரத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். தட்டையான தலை, குடத்தின் விளிம்பு முழுவதையும் உரசும். கூம்புத் தலையோ தண்டை ஒட்டிய சிறு வட்டத்தில் மட்டுமே தொடும். தொடும் இடம் மையத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் முறுக்குவிசை குறையும்.

அதன்பின் உப்புத்தாள். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் மலாயில் ‘கெர்தாஸ் பாசிர்’ என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத்தாளாகப் பார்த்து வாங்குங்கள். 400ஆம் எண்ணில் தொடங்கி 600, 1000, 2000 என்று ஏறுங்கள். தாளைக் குறுகிய பட்டையாக வெட்டி, ஆணியைச் சுற்றிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணிலும் முந்திய தாளின் கீறல்கள் மறையும் வரை மட்டுமே தேய்க்க வேண்டும். 400ஆம் எண் தாளோடு அதிக நேரம் உட்கார்ந்துவிட்டால் ஆணி இளைத்துவிடும். இளைத்த ஆணியில் சக்கரம் ஆடும். கனத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவி இருந்தால் இடையிடையே அளந்து பாருங்கள். கடைசியாக, குத்துவிளக்கு துலக்க வீட்டில் வைத்திருக்கும் பிராசோவை ஒரு பருத்தி நூல்கயிற்றில் தொட்டு ஆணியை மெருகேற்றினால், முகம் பார்க்கலாம். ஆணி முழுவதையும் மெருகேற்றத் தேவையில்லை. தலையை ஒட்டிய 10 மி.மீ. போதும்; மீதி மரத்துக்குள் போய்விடும்.

நம் நாட்டின் ஈரப்பதத்தில் ஒன்றை மறக்கக்கூடாது. மெருகேற்றிய ஆணியில் விரல் பட்ட இடம் மறுநாள் காலையில் செந்நிறமாகப் பூத்திருக்கும். ஒரு முறை நான்கு ஆணிகளையும் துலக்கி, நீரில் கழுவி, வாசல் திண்ணையில் காய வைத்துவிட்டுப் படுத்தேன். இரவில் மழைச்சாரல் அடித்தது. காலையில் அந்த வேலை முழுவதையும் 400ஆம் எண்ணிலிருந்து மறுபடி தொடங்க நேர்ந்தது. கழுவியவுடன் துணியால் ஒற்றி, சுத்தமான காகிதத்தில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். காலணிப் பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் இதற்கென்று சேர்த்து வைக்கலாம்.

கேள்வி: சக்கரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பொறுக்க வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சக்கரங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மெருகேற்றிய ஆணி ஒன்றைக் கிடையாகப் பிடித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் அதில் மாட்டிச் சுழற்றி, வட்டையின், அதாவது சக்கரத்தின் வெளிவளையத்தின், விளிம்பைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடும் சக்கரமும் ஏறி இறங்கும் சக்கரமும் தாமாகவே தம்மைக் காட்டிக்கொடுக்கும். அதிகம் கிடைத்தால், ஆடாத இரண்டைப் பின்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். காரின் எடையில் பெரும்பங்கைச் சுமப்பவை அவையே.

வட்டையில் அச்சுவார்த்த தழும்பு இருந்தால், 600ஆம் எண் தாளால் மெல்ல எடுக்கலாம். டிரில் மிஷினில் மாட்டித் தேய்ப்பவர்கள் வேகத்தைக் குறைத்து, தாளை நனைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் சூடேறினால் இளகும், இளகிய சக்கரம் ஒருபோதும் பழைய வட்டத்துக்குத் திரும்பாது. தின்னரால் துடைக்கவே வேண்டாம். சாயத்தோடு சேர்ந்து சக்கரமும் கரையத் தொடங்கும்.

குடத்தின் துளைதான் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம். அதை டிரில் முனையால் பெரிதாக்கக்கூடாது. பருத்தி நூலை முறுக்கித் துளைக்குள் செலுத்தி, வெண்மையான பற்பசையைத் தொட்டு, இருபது முப்பது முறை முன்னும் பின்னும் இழுத்தாலே போதும். பற்பசையில் உள்ள நுண்ணிய துகள்கள் பிளாஸ்டிக்கை மெருகேற்றப் போதுமானவை. பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். பற்பசை உள்ளே காய்ந்து கிடந்தால் அதுவே புதிய மணலாகிவிடும். குடத்தின் உள்முகமும் வெளிமுகமும் அதே மெருகைப் பெற வேண்டும், ஏனென்றால் ஒன்று மரத்தையும் மற்றொன்று ஆணித்தலையையும் தொடக்கூடியது.

கேள்வி: சக்கரத்தைக் குடைந்து எடையைக் குறைத்தால் வேகம் கூடுமா?

கூடும். வட்டையில் உள்ள ஒவ்வொரு கிராமையும் முன்னோக்கி நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டியிருப்பதால், அது இரட்டைக் கூலி கேட்கிறது. அதனாலேயே பெரும்பாலான போட்டி விதிகள் சக்கரத்தைக் குடைவதைத் தடுக்கின்றன. எங்கள் மண்டபத்திலும் அனுமதி இல்லை.

கேள்வி: என் மகனின் சக்கரம் விரலால் தட்டினால் அரை நிமிடத்துக்கு மேல் சுற்றுகிறது. அது நல்ல அடையாளம்தானே?

நல்ல அடையாளம்தான்; ஆனால், அதை மட்டும் நம்பிப் பந்தயத்துக்கு வர வேண்டாம். கையில் சுற்றும்போது அந்தச் சக்கரம் சுமப்பது தன் சொந்த எடையான இரண்டு மூன்று கிராமை மட்டுமே. தடத்தில் ஒரு சக்கரம் சராசரியாக 35 கிராம் அளவு சுமையைத் தாங்குகிறது. மேலும், ஆடும் சக்கரமும் நேரான சக்கரமும் கையில் ஏறக்குறைய ஒரே நேரம் சுற்றக்கூடும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே சக்கரத்தை ஒப்பிட்டுப் பார்க்க இந்தச் சோதனை உதவும். இரண்டு பிள்ளைகளின் கார்களை ஒப்பிட உதவாது.

கேள்வி: தேங்காய் எண்ணெய் போடலாமா? தையல் மெஷின் எண்ணெய்?

இந்தக் கேள்வி வராத சனிக்கிழமை இல்லை. எண்ணெய் கனமான இயந்திரத்துக்கு நல்லது. ஆலையில் நான் அதைக் குடம் குடமாகப் பார்த்தவன். ஆனால், சில கிராம் எடையுள்ள சக்கரத்துக்கு எண்ணெயின் பிசுபிசுப்பே ஒரு சுமை. அதோடு மண்டபத்துத் தூசி முழுவதையும் இழுத்துக்கொள்ளும். மரத்துக்குள் ஊறி, ஆணியின் பிடியைத் தளர்த்தும். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குறையும் உண்டு. அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் வீட்டுக் கூடத்தில் நீராய் இருக்கும் எண்ணெய், குளிர்சாதனம் பொருத்திய மண்டபத்தில் வெண்ணெய் போல் இறுகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உலர்ந்த கிராஃபைட் தூளே பொதுவாகப் பயன்படுவது. பூட்டுக்குள் ஊதுவதற்காகச் சிறு குழாய்களில் அடைத்து ஹார்டுவேர் கடைகளில் விற்பார்கள். பென்சிலைச் சீவி எடுக்கும் தூள் அதற்கு ஈடாகாது. பென்சில் முனையில் கிராஃபைட்டோடு களிமண்ணும் கலந்திருக்கிறது.

கிராஃபைட் நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்துமா என்று ஒரு தாயார் கேட்டார். கூர்மையான கேள்வி; பதிலோ பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. கிராஃபைட் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. அந்தத் தகடுகள் எளிதாக வழுக்குவதற்குக் காற்றில் உள்ள நீராவி துணை செய்கிறது. நீர் மூலக்கூறுகள் தகடுகளின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் தடுக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில், சுழலும் பகுதியை உரசியபடி மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபைட் கட்டிகளான கார்பன் பிரஷ்கள் வெகுவிரைவில் தேய்ந்து தூளானபோதுதான் இது பெரிய சிக்கலாகக் கவனத்துக்கு வந்தது. அந்த உயரத்துக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஆகவே, வெளியே மழை கொட்டும் பேராக் மாநிலத்து மாலைப்பொழுது ஆணிக்குத் துருவைத் தந்தாலும் கிராஃபைட்டுக்கு நன்மையே செய்கிறது. மாலிப்டினம் டைசல்பைடு என்னும் இன்னொரு கருந்தூளின் இயல்பு இதற்கு எதிரானது: அது உலர்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும், ஈரத்தில் அதன் உராய்வு கூடும். இரண்டையும் விற்கும் கடையில் நம்மவர்கள் முதலாவதை எடுப்பதே சரி.

போடும் முறை எளிது. குடத்துத் துளைக்குள்ளும் அதன் இரு முகங்களிலும் தூளைத் தடவி, ஆணியில் மாட்டி, சில நிமிடம் சுழற்றி, உதிர்ந்ததைத் தட்டிவிட்டு மீண்டும் தடவ வேண்டும். ஐந்தாறு முறை செய்தபின் துளையின் உட்புறம் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். சக்கரங்களைக் காரில் பொருத்தும் முன்பே இதை முடித்துவிடுங்கள். திறந்த வெளியில், செய்தித்தாளை விரித்துச் செய்யுங்கள். தூளை மூச்சில் இழுக்கக்கூடாது, வெள்ளைச் சீருடையில் பட்டால் எளிதில் போகாது.

கேள்வி: சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பழைய வங்கி அட்டை ஒன்றின் கனம். அது ஏறத்தாழ 0.8 மி.மீ. அட்டையை இடையில் செருகி, ஆணியை அது தடுக்கும் வரை அழுத்தி, அட்டையை உருவிவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் மெருகேற்றினோம், ஆனாலும் கார் பின்தங்குகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் கார் நேராக ஓடவில்லை. என் அனுபவத்தில் மெருகுக்காகச் செலவிடும் மாலைகளில் பாதியை நேர்பார்ப்பதற்கு, அதாவது அச்சுகளைச் சரிசெய்து காரை நேராக ஓடவைப்பதற்கு, செலவிட்டால் இரு மடங்கு பலன் கிடைக்கும். ஆனால், பளபளக்கும் ஆணியைப் பிள்ளை அம்மாவிடம் காட்ட முடியும், நேரான அச்சைக் காட்ட முடியாது என்பதால் யாரும் அதில் மனம் வைப்பதில்லை.

தடத்தின் நடுவே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலமும் 6 மி.மீ. உயரமும் உள்ள மேட்டுப்பட்டை ஒன்று ஓடுகிறது. கார் அதன் மேல் நின்று, சக்கரங்கள் இரு புறமும் இறங்கியிருக்கும். சக்கரம் கோணலாக இருந்தால் கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பட்டையில் மோதும்; மோதித் திரும்பும்; மறுபக்கம் மோதும். ஒவ்வொரு மோதலும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும். அதற்கிடையே, கோணலான சக்கரம் உருள்வதோடு பக்கவாட்டில் தேய்ந்தபடியும் போகும். இந்தத் தேய்ப்பில், முன்பு சொன்ன பதினான்கில் ஒரு பங்குச் சலுகை கிடையாது. இழப்பு முழுதாக வந்து சேரும்.

சோதிக்க, 1.2 மீட்டருக்குக் குறையாத வழவழப்பான பலகை ஒன்று வேண்டும். பழைய அலமாரிக் கதவு போதும். அதைப் பக்கவாட்டில் சாயாமல் மட்டம் பார்த்து வைத்து, நீளவாக்கில் ஒரு புறத்தைச் சில புத்தகங்களால் உயர்த்துங்கள். நடுவே ஒரு கோடு வரைந்து, கார் தானே மெதுவாக உருளும்படி விடுங்கள். பலகையைத் திருப்பி வைத்தும் ஒரு முறை பார்த்தால், குற்றம் காரிலா பலகையிலா என்பது தெளிவாகும்.

பின்சக்கரங்களை முதலில் சரிசெய்ய வேண்டும். அவற்றின் துளைகள் காரின் நீளத்துக்குச் செங்குத்தாக இருப்பது அடிப்படை. கையால் கண்மதிப்பில் போட்ட துளை ஒருபோதும் அப்படி அமையாது. வழிகாட்டிக் கட்டை வைத்துத் துளையிடுங்கள், அல்லது துளையிடும் வேலையை ஸ்டாண்டில் பொருத்திய டிரில் உள்ளவரிடம் கொடுங்கள். பின்னாணிகளை இரண்டு மூன்று பாகை அளவுக்கு வளைத்து, தலைப்பக்கம் சற்று மேல்நோக்கும்படி பொருத்துவது தேர்ந்தவர்கள் செய்யும் வேலை. அப்படிச் செய்தால் சக்கரத்தின் உள்விளிம்பு மட்டுமே தரையைத் தொடும். சக்கரம் தானாக வெளியே நகர்ந்து ஆணித்தலையோடு நிற்கும். கூம்பாக மெருகேற்றிய தலையை உரசுவது சொரசொரப்பான மரத்தை உரசுவதைவிட எவ்வளவோ மேல். வளைவு, மரத்துக்குள் மறையும் பகுதியில் இருக்க வேண்டும். சக்கரம் அமரும் பகுதி நேராகவே இருக்கட்டும். ஆணித்தலையில் இரும்பறுக்கும் வாளால் மெல்லிய கீறல் ஒன்று போட்டு வைத்தால், திருப்புளியால் ஆணியைத் திருப்பித் திருப்பி வளைவின் திசையை மாற்றலாம். காரை முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் இரண்டு பின்சக்கரங்களும் தலையை நோக்கி நகர்ந்தால் வேலை முடிந்தது என்று பொருள்.

அடுத்து முன்சக்கரம். இங்கே நான் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கும்: கார் துல்லியமாக நேரே போக வேண்டும் என்று முயலாமல், ஒரு பக்கம் மிக மெதுவாகச் சாய்ந்து போகும்படி செய்வதே நல்லது. ஏனென்றால், துல்லியமான நேர் என்பது நடைமுறையில் கைகூடாது. கைகூடாதபோது கார் இரு புறமும் மாறி மாறி மோதும். இடது முன்சக்கரத்தின் ஆணியை ஏறத்தாழ 2 பாகை வளைத்து, கார் வலப்புறம் சாயும்படி திருப்பினால், அந்தச் சக்கரத்தின் உட்பக்கம் நடுப்பட்டையை மென்மையாகத் தொட்டபடியே தடம் முழுவதும் போகும். மோதல் நின்றுவிடும், பின்சக்கரங்கள் பட்டையைத் தொடாமல் தப்பும். 1.2 மீட்டர் உருளலில் 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை விலகினால் போதும். அதற்கு மேல் விலகினால் அழுத்தம் கூடிப் பிரேக் பிடித்த கதையாகிவிடும்.

விதி அனுமதித்தால், மற்றொரு முன்சக்கரத்தை ஒன்றரை மி.மீ. உயர்த்தித் தரையைத் தொடாமல் வைக்கலாம். சுழற்ற வேண்டிய சக்கரம் ஒன்று குறைகிறது. அதுவே அதன் இலாபம். தரையைத் தொடும் சக்கரங்கள் குறைந்ததால் ஆணி உராய்வு குறையும் என்று சிலர் நினைப்பது சரியன்று. அந்தச் சுமை மற்ற மூன்றுக்கும் மாறிப் போய்விடும்.

கேள்வி: பைன் மரம் இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. ரப்பர் மரக்கட்டையில் செய்யலாமா?

தோட்டத்து ஊரில் இந்த ஆசை இயல்பானது. 1877இல் நடப்பட்ட தொடக்க கால ரப்பர் மரங்களுள் ஒன்று நமக்கு அருகில் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. அந்த மரத்தின் வழிவந்த கட்டையில் கார் செய்து ஓட்டினால் எந்தப் பாட்டனுக்கும் மகிழ்ச்சியாகவே இருக்கும். செய்யலாம். ஆனால், முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 178 மி.மீ. நீளமும் 44 மி.மீ. அகலமும் 32 மி.மீ. உயரமும் கொண்ட கட்டையின் கனஅளவு ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர். இலேசான பைன் கட்டையாக இருந்தால் அது 100 கிராமை ஒட்டியிருக்கும். காய்ந்த ரப்பர் மரம் கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் அளவில் இருப்பதால், சக்கரம் மாட்டும் முன்பே கட்டை 150 கிராமைத் தொட்டு, விதியின் எல்லையைத் தாண்டி நிற்கும். பாதிக்கு மேல் சீவித் தள்ளினால்தான் பின்பக்கத்தில் எடைக்காக ஈயம் வைக்க இடம் கிடைக்கும்.

ரப்பர் மரத்தின் நன்மை அதன் பிடிப்பில் இருக்கிறது. ஆணியை நன்றாக இறுக்கிப் பிடிக்கும். நேர்பார்த்த அச்சு நாலைந்து ஓட்டத்தில் விலகிவிடாது. ஆனால், துளை போடாமல் ஆணியைச் சுத்தியலால் இறக்கினால் வெடிக்கும். செதுக்குவதற்குச் சுகமானது ஜெலுத்தோங் மரம். இலேசானது, நெருக்கமான மணிகளுடையது, சிறுவர்களின் கைக்கு அடங்கக்கூடியது. அது மென்மையானதால் ஆணியைத் தளரவிடும். முனையில் ஒரு சொட்டுப் பசை தேவைப்படலாம். எந்த மரமானாலும், நேர்பார்ப்பதற்கு முன் இரண்டு வாரமாவது வீட்டுக்குள் வைத்துக் காயவிடுங்கள். துளையிட்ட பின் மரம் சுருங்கினால் அச்சும் அதோடு திரும்பும்.

கேள்வி: எடையை எங்கே வைப்பது?

பின்னச்சுக்கு முன்னால் 20 முதல் 25 மி.மீ. தொலைவில் காரின் எடைமையம் அமையட்டும். அதைவிடப் பின்னே போனால் முன்சக்கரத்துக்குப் போதிய சுமை இல்லாமல் கார் தலையை ஆட்டும். நாம் பாடுபட்டுச் செய்த நேர்பார்ப்பு வீணாகும்.

கேள்வி: ஆணிக்குப் பசை போடுவது அவசியமா?

இறுக்கமாக இருந்தால் வேண்டாம். தளர்ந்திருந்தால், ஆணியின் முனைப்பக்கம், மரத்தின் அடியிலிருந்து மட்டும், குண்டூசி முனையில் எடுத்து வையுங்கள். என் பேரனின் காருக்குப் போட்டிக்கு முந்திய இரவு நான் சூப்பர் குளூவைச் சக்கரத்தின் பக்கத்திலிருந்து விட்டேன். அது தண்ணீரைப்போல் ஆணி வழியே வழிந்து குடத்துக்குள் புகுந்துகொண்டது. மறுநாள் அந்தக் கார் மூன்று சக்கரத்தில் உருண்டு, நான்காவதை இழுத்துக்கொண்டு போனது. பேரன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கேள்வி: இந்த வேலையில் எதைப் பிள்ளை செய்ய வேண்டும், எதைப் பெரியவர் செய்ய வேண்டும்?

டிரில், வாள், பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் மூன்றும் பெரியவர் கையில் இருக்கட்டும். ஈயத்தை உருக்குவதோ அறுப்பதோ வீட்டில் வேண்டாம். மீன்பிடிக் கடையில் கிடைக்கும் குண்டுகளை அப்படியே வைத்து மூடிவிட்டு, கையைக் கழுவுங்கள். உப்புத்தாள் தேய்ப்பது, சக்கரம் பொறுக்குவது, தூள் தடவுவது, பலகையில் உருட்டி அளந்து நோட்டில் எழுதுவது ஆகியவை எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாக வரும். பொறுக்குவதில் அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. தந்தை மட்டுமே தொட்ட காரை மண்டபத்தில் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம்: எதைக் கேட்டாலும் பிள்ளை அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்.

கேள்வி: போட்டி நாளன்று என்ன கவனிக்க வேண்டும்?

காரை மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் உருட்டிக் காட்ட விடாதீர்கள். ஒரு மணல் துகள் குடத்துக்குள் போனால் போதும். பெட்டிக்குள் சக்கரங்கள் எதையும் தொடாதபடி, உடலின் நடுப்பகுதி ஒரு கட்டையின் மேல் அமர்ந்திருக்குமாறு வைத்துக் கொண்டு வாருங்கள். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் உடலைப் பிடிக்க வேண்டும், சக்கரத்தை அன்று. வீட்டுத் தராசில் 141.7 காட்டிய கார், மண்டபத்துத் தராசில் 142 காட்டக்கூடும். அரை கிராம் குறைவாக வருவதே நிம்மதி.

கேள்வி: ஓட்டத்தின்போது சக்கரத்திலிருந்து ‘கிறீச்’ என்று ஒலி வந்தால்?

ஆணியும் பிளாஸ்டிக்கும் உலர்ந்து உரசுகின்றன. அடுத்த ஓட்டத்துக்கு முன் அனுமதி இருந்தால், அந்தக் குடத்தின் இரு புறமும் கிராஃபைட்டைத் தட்டி, காரைச் சாய்த்துப் பிடித்து, முப்பது நாற்பது சுற்று சுற்றிவிடுங்கள். ஒலி நிற்காவிட்டால் அங்கே ஆணியைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கிச் செருகினால் நேர்பார்ப்பு போய்விடும். மீதி ஓட்டங்களை அப்படியே ஓடவிட்டு, வீட்டுக்குப் போனபின் கழற்றிப் பாருங்கள். மெருகின் நடுவே மங்கலான வளையம் ஒன்று ஆணியைச் சுற்றி இருக்கும். 1000ஆம் எண் தாளிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும்.